வேலைக்குப் போயிட்டே திருச்சபைச் சட்டம் முதுகலை படிக்கிறது எப்படி: பெங்களூருத் தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருல வேலை பார்த்துக்கிட்டே கேனன் லா, அதான் திருச்சபைச் சட்டம், படிக்கணும்னு கேட்டு வர்ற நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க ஒரே இடத்துல தான் தடுக்கி விழுறாங்க. பாடம் புரியாம இல்ல, வரிசை மாறிப் போயிடுது. முதல்ல ஃபீஸ் கட்டிடறாங்க, அதுக்கப்புறம் தான் லத்தீன் வேணுமா, பங்குத்தந்தை லெட்டர் வேணுமா, ஆய்வுக்கு ஃபைல் கெடைக்குமான்னு விசாரிக்க ஆரம்பிக்கிறாங்க, அதுக்குள்ள முதல் செமஸ்டர் பாதி போயிருக்கும். ஃபீஸ் கட்டுறது கடைசில வர வேண்டிய வேலை. அதனால கீழ இருக்கிற வரிசையிலயே போங்க.

1. எந்தச் சபையோட சட்டம்னு முடிவு பண்ணுங்க

திருச்சபைச் சட்டம்னு பொதுவா சொல்றோமே தவிர அது ஒரே சட்டம் கிடையாது.

நம்ம தமிழ்க் கத்தோலிக்கர்கள்ல பெரும்பாலானவங்க லத்தீன் ரீத்து (வழிபாட்டு மரபு), அவங்களுக்கு 1983-ல வந்த சட்டத் தொகுப்பு, ஏழு புத்தகம், 1752 கேனன், அதாவது சட்ட விதி. பக்கத்து ஃபிளாட்டு மலையாளி சீரோ மலபாரா சீரோ மலங்கராவா இருந்தா அவருக்கு 1990-ல வந்த கீழைச் சபைகளுக்கான தொகுப்பு, 1546 கேனன். ரெண்டு பேரும் கத்தோலிக்கர் தான், ஒரே போப் தான், ஆனா சட்டப் புத்தகம் வேற.

சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்காரங்களுக்கு இந்த மாதிரி கேனன் தொகுப்பே கிடையாது. அவங்க சட்டம் சிஎஸ்ஐ அமைப்புச் சட்டம், டயோசிஸ் அமைப்புச் சட்டம், சினாட் (சபையோட உச்ச மன்றம்) தீர்மானங்கள். சொத்து விஷயம் வந்தா சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன், அது கம்பெனிச் சட்டத்துல பதிவானது, ஆக கம்பெனிச் சட்டமும் தெரிஞ்சிருக்கணும்.

பிரிட்டிஷ் யுனிவர்சிட்டி பக்கம் போறவங்க இன்னொன்னு கவனிக்கணும். இங்கிலாந்துச் சபைக்கு சினாட் கொண்டு வர்ற மெஷர்ன்ற சட்டம் 1919 சட்டத்தின்படி பார்லிமெண்ட் ஆக்ட்டுக்குச் சமம், அதாவது அது அந்த நாட்டுச் சட்டமே. நம்ம ஊர்ல எந்தச் சபைக்கும் அந்த அந்தஸ்து இல்ல. சிஎஸ்ஐ ஆங்கிலிக்கன் கூட்டமைப்புல உறுப்பினர் தான், ஆனா இங்கிலாந்துச் சட்டம் சிஎஸ்ஐயைக் கட்டுப்படுத்தாது. இது தெரியாம சேர்ந்தா, நம்ம சேகரத்துத் தகராறுக்கு இங்கிலாந்து கன்சிஸ்டரி கோர்ட் (சபை நீதிமன்றம்) தீர்ப்பை மேற்கோள் காட்டிட்டு உக்காந்திருப்பீங்க. அந்தப் பக்கத்துல நமக்கு நேரடியா உதவுறது ஆங்கிலிக்கன் சபைகளுக்குப் பொதுவான கேனன் சட்டக் கொள்கைகள்னு 2008-ல வெளியிட்ட 100 கொள்கைகள், அதை முதல்ல படிச்சுடுங்க.

2. எந்த மாதிரிப் பட்டம்னு பாருங்க

ரெண்டு வகை இருக்கு, இத குழப்பிக்கிறவங்க தான் அதிகம்.

ஒன்னு சபைப் பட்டம், லைசென்ஷியேட்னு சொல்வாங்க, திருப்பீடத்தோட, அதான் வாத்திகனோட, அங்கீகாரத்துல குடுக்கிறது. பெங்களூருல மல்லேஸ்வரம் செயின்ட் பீட்டர்ஸ் பொன்டிஃபிகல் இன்ஸ்டிடியூட்ல கேனன் லா பிரிவு இருக்கு, ஓசூர் ரோடு தர்மாராம்ல கீழைச் சபைச் சட்டத்துக்கு இன்ஸ்டிடியூட் இருக்கு. இன்னொன்னு யுனிவர்சிட்டிப் பட்டம், எல்எல்எம் மாதிரி. கார்டிஃப் யுனிவர்சிட்டில 1991-ல ஆரம்பிச்ச கேனன் லா எல்எல்எம் வேலை பாக்குறவங்களுக்காகவே பார்ட் டைமா வடிவமைச்சது, பின்னாடி வந்த பல கோர்ஸுக்கு அது தான் மாதிரி.

எதுக்குப் படிக்கிறீங்கன்றதைப் பொறுத்து தான் தேர்வு. கத்தோலிக்கத் திருமண ட்ரிப்யூனல்ல (சபை நீதிமன்றம்) வேலை செய்யணும்னா சபைப் பட்டம் தான் வேணும். கேனன் 1435 பிரகாரம் திருமண பந்தத்தைக் காக்கிற அதிகாரி, அதான் டிஃபெண்டர் ஆஃப் த பாண்ட், கேனன் லால டாக்டரேட்டோ லைசென்ஷியேட்டோ வெச்சிருக்கணும், பொதுநிலையினராவும் இருக்கலாம். நீதிபதி குழுவுல பொதுநிலையினர் உக்காரவும் 1421 வழி விடுது. யுனிவர்சிட்டி எல்எல்எம் எவ்வளவு நல்ல மார்க்கா இருந்தாலும் இந்த இடத்துல ஈடாகாது. மாறா, சபை நிர்வாகம், டிரஸ்ட், மிஷன் ஸ்கூல் நிர்வாகம், இல்ல சும்மா ஆராய்ச்சி ஆர்வம்னா யுனிவர்சிட்டிப் பட்டம் போதும், நேரமும் மிச்சம்.

வக்கீல்கள் ஏமாறுற இடம் ஒன்னு இருக்கு. எல்எல்பி கையில இருக்கு, நேரா லைசென்ஷியேட்ல சேர்ந்துடலாம்னு நினைக்கிறாங்க. 2002-ல ரோம்ல வந்த ஆணைப்படி லைசென்ஷியேட் மூணு வருஷம், தத்துவம் இறையியல் படிக்காதவங்க அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷ முதல் சுற்று முடிச்சிருக்கணும். சிவில் சட்டப் பட்டம் இருந்தா ரோமன் சட்டம் மாதிரி சில பாடத்துல விலக்கு கெடைக்கும், மூணு வருஷம் குறையாது. ஆக அஞ்சு வருஷக் கணக்கு, வீட்ல சொல்லிட்டு ஆரம்பிங்க.

இன்னொரு பக்கம், கேனன் லா பட்டம் மட்டும் வெச்சுக்கிட்டு சிவில் கோர்ட்ல வாதாட முடியாது, 1961 அட்வகேட்ஸ் ஆக்ட் பிரகாரம் அதுக்கு சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் வேணும்.

ஆஃபீஸுக்கு மெயில் போடும்போது மூணே கேள்வி கேளுங்க: இந்த வருஷம் சேர்க்கை உண்டா, வகுப்பு எந்த நாள் எந்த நேரம், நேர்ல வர வேண்டிய நாள் எத்தனை. யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பின பழைய ப்ரோஷரை நம்பி லீவ் பிளான் பண்ணாதீங்க.

3. காகிதங்களை முன்னாடியே சேருங்க

சபை நிறுவனத்துல சேர நன்னடத்தைச் சான்று கேப்பாங்க, பங்குத்தந்தையோ மேலதிகாரியோ குடுக்கணும். பங்குத்தந்தை மாறுற சீசன்ல போய் நின்னீங்கன்னா புதுசா வந்த ஃபாதருக்கு உங்களைத் தெரியாது, அதனால மாற்றம் வர்றதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க.

திருமுழுக்குச் சான்றிதழ் பழைய லேமினேட் காப்பி செல்லாதுன்னு சில இடத்துல சொல்வாங்க, சொல்றதுல நியாயம் இருக்கு. உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் அந்தப் பதிவேட்டு ஓரத்துல தான் குறிச்சு வைப்பாங்க, கேனன் 535 அத தான் சொல்லுது, புது காப்பில தான் அந்தக் குறிப்பு வரும். நம்மள்ல பல பேருக்கு ஞானஸ்நானம் கேஜிஎஃப்லயோ தூத்துக்குடி பக்கத்துக் கிராமத்துலயோ தான், அங்க ஆஃபீஸ் திறக்கிற நேரம் கேட்டுட்டு சொந்தக்காரங்க யாரையாவது அனுப்புங்க.

4. புத்தகம் வாங்குறதுக்கு முன்னாடி திருத்தங்களைப் பாருங்க

சர்ச் ஸ்ட்ரீட் பழைய புக் கடைல சட்டத் தொகுப்பு சல்லிசா கெடைக்குதுன்னு அள்ளிட்டு வந்துடாதீங்க. 1983 பதிப்பு அப்படியே இன்னைக்கு நடைமுறைல இல்ல. பெரிய மாற்றம் நாலு:

2009-ல திருமணத்தைப் பத்தின மூணு கேனன் மாறுச்சு. 2015 டிசம்பர் 8-ல இருந்து திருமணம் செல்லாதுன்னு அறிவிக்கிற வழக்கு முறை மாறுச்சு, 1671-ல இருந்து 1691 வரைக்கும் புதுசு, முன்னாடி ரெண்டு கோர்ட் ஒரே தீர்ப்பு சொல்லணும்னு இருந்தது போயிடுச்சு. 2016-ல லத்தீன் தொகுப்பைக் கீழைத் தொகுப்போட ஒத்துப் போக வைக்க சில திருத்தம். 2021 டிசம்பர் 8-ல இருந்து ஆறாவது புத்தகம், அதான் தண்டனைச் சட்டம், முழுசாவே புதுசு.

வாத்திகன் வெப்சைட்ல திருத்தின உரை இலவசமா இருக்கு. பழைய அச்சுப் புத்தகம் வெச்சிருந்தா திருத்தம் வந்த பக்கத்துல எல்லாம் ஸ்டிக்கி நோட் ஒட்டிடுங்க, தூக்கிப் போட வேண்டாம். பழைய வழக்குகளைப் படிக்க பழைய உரை வேணும், ஏன்னா 2010-ல நடந்த கல்யாணத்துக்கு 2010-ல இருந்த சட்டம் தான்.

5. லத்தீனை அட்மிஷனுக்கு முன்னாடி ஆரம்பிங்க

இங்க தான் எல்லாரும் முகம் சுளிப்பாங்க. கவிதை எழுதுற அளவு வேண்டாம், ஒரு கேனனைப் பார்த்து வினைச்சொல் எது, நிபந்தனை எதுன்னு பிரிக்கத் தெரிஞ்சா போதும். அதுக்கு ஒரு நாலு மாசம், தினம் அரை மணி நேரம்.

அதிகாரபூர்வ உரை லத்தீன் தான், மத்ததெல்லாம் மொழிபெயர்ப்பு. கேனன் 39 பாருங்க, நிர்வாக ஆணைல போடுற நிபந்தனை சி (ஆனால்), நிசி (ஒழிய), தும்மோதோ (என்ற நிபந்தனையோட)ன்ற மூணு சொல்லால வந்தா தான் ஆணை செல்லுமா செல்லாதான்றதைத் தொடும். இங்கிலீஷ்ல இது நாலு விதமா வரும், எது எதுன்னு தெரியாம திணறுவீங்க. முதல்ல மனப்பாடம் பண்ண வேண்டியது வலிதே (செல்லும்படியா), லிசிதே (முறைப்படி), பொதெஸ்த் (முடியும்), தெபெத் (செய்யணும்), நெக்விட் (முடியாது), இந்த வகையறா. இலக்கண அட்டவணை அப்புறம்.

6. நேரத்தை வாரக் கணக்குல பிரிங்க

வாரம் எட்டு மணி நேரம் குறைஞ்சபட்சம். சனிக்கிழமை மொத்தமா உக்காந்து படிச்சுக்கலாம்னு திட்டம் போடுறவங்க தான் முதல்ல கழன்டுக்கிறாங்க, ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு சனிக்கிழமைன்னா காதுகுத்து, நிச்சயதார்த்தம், அசோசியேஷன் மீட்டிங், அன்பியக் கூட்டம், ஏதாவது ஒன்னு கண்டிப்பா வரும். காலைல ஆஃபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கேனன் படிங்க, சில்க் போர்டுல நிக்கிற நேரத்துல லெக்சர் ஆடியோ கேளுங்க, எழுதுற வேலையை மட்டும் வார இறுதிக்கு வைங்க. கேனன் உரை கொஞ்சம் கொஞ்சமா தினம் படிச்சா தான் பதியும், எழுத்து வேலைக்குத் தான் நீண்ட நேரம் ஒரே மூச்சா வேணும்.

லென்ட்டும் (தவக்காலம்) செப்டம்பரும் பாத்துக்கோங்க. சிவாஜிநகர் மாதா திருவிழா நவநாள்ல பாடகர் குழுவுல இருக்கிறவங்க அசைன்மென்ட் எழுதின கதையை நான் கேட்டதில்ல.

7. ஒரு கேனனைப் படிக்கிற முறை

புதுசா வர்றவங்க விளக்கவுரையைத் தான் முதல்ல திறக்கிறாங்க. அது வேண்டாம். முதல்ல உரை, அப்புறம் அது உக்காந்திருக்கிற தலைப்பு, அப்புறம் பக்கத்துக் கேனன், கடைசில தான் விளக்கவுரை. கேனன் 17-ஏ அப்படித்தான் சொல்லுது, சொல்லோட பொருளை உரையிலயும் சூழல்லயும் வெச்சுப் புரிஞ்சுக்கணும்னு.

பெங்களூருல தினம் நடக்கிற ஒரு விஷயத்தையே எடுத்துக்குவோம். லத்தீன் ரீத்துத் தமிழ்ப் பொண்ணு ஒன்னு, அவளுக்கு நாலு விதமா மாப்பிள்ளை வர்றான்னு வைங்க.

மாப்பிள்ளை சிஎஸ்ஐ. கேனன் 1124-ஐ எடுங்க. ரெண்டு பேரும் திருமுழுக்கு வாங்கினவங்க, அதிகாரமுள்ளவரோட வெளிப்படையான அனுமதி இல்லாம இந்தக் கல்யாணம் தடை செய்யப்பட்டதுன்னு இருக்கு, ப்ரொஹிபிதும் எஸ்த். செல்லாதுன்னு இல்ல. ஆக அனுமதி வாங்க மறந்து கத்தோலிக்கக் கோயில்ல சாமியார் முன்னாடி கல்யாணம் நடந்துட்டா அது முறைகேடு, ஆனா செல்லும்.

மாப்பிள்ளை இந்து. இப்ப கேனன் 1086. இங்க இன்வாலிதும் எஸ்த், அதாவது செல்லாதுன்னு இருக்கு. இது தடை மட்டும் இல்ல, விலக்கு வாங்காம நடந்தா கோயிலுக்குள்ள ஓலை வாசிச்சு, கொயர் பாடி நடத்தினாலும் செல்லாது. 1124-ல அனுமதி, 1086-ல விலக்கு. ஃபாரம் பாக்க ஒரே மாதிரி தான் இருக்கும், அதனால பங்கு ஆஃபீஸ்லயே ரெண்டையும் பர்மிஷன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுவாங்க, நீங்க சொல்லக் கூடாது.

மாப்பிள்ளை யாக்கோபாயா, கல்யாணம் அவங்க பள்ளில, அதான் அவங்க கோயில்ல. இப்ப 1127-க்குப் போகணும். கீழை அகத்தோலிக்கச் சபைக்காரரோட நடக்கிற கல்யாணத்துல கத்தோலிக்கச் சடங்கு முறை முறைமைக்கு மட்டும் தான், அத மீறினா முறைகேடே தவிர செல்லாம போகாது, செல்லுபடிக்கு ஒரு குரு பங்கெடுத்தா போதும். அதே பொண்ணு சிஎஸ்ஐ கோயில்ல, சடங்கு முறைக்கு விலக்கு வாங்காம கட்டிக்கிட்டா செல்லாது. ரெண்டும் கத்தோலிக்கம் இல்லாத கோயில் தானேன்னு கேப்பீங்க. கீழைச் சபைகள் குருத்துவத்தை ரோம் அங்கீகரிக்குது, வித்தியாசம் அங்க இருந்து வருது.

மாப்பிள்ளை சீரோ மலபார், அவனும் கத்தோலிக்கன் தானே, என்ன பிரச்சினைன்னு தோணும். பங்குல திருத்தொண்டர் (டீக்கன்) ஒருத்தர் இருக்கார், அவரே நடத்தி வைக்கிறார்னா? லத்தீன் ஜோடிக்கு அது செல்லும். ஒரு பக்கம் கீழைச் சபைன்னா 2016-ல சேர்த்த 1108-ன் மூணாவது பத்திப்படி குரு மட்டும் தான் நடத்தி வைக்க முடியும். பழைய புத்தகத்துல இந்தப் பத்தியே இருக்காது.

இந்த நாலு மாப்பிள்ளையையும் ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு எழுதிப் பாருங்க: எந்தக் கேனன், அனுமதியா விலக்கா, இல்லன்னா செல்லுமா. ஒவ்வொரு பாடத்துக்கும் இதே மாதிரி ஒரு தாள் வெச்சுக்கிட்டவங்களுக்கு பரீட்சைல பயம் இருக்காது. கேனன் 10-ஐ மட்டும் எப்பவும் தாளோட மேல எழுதி வைங்க, செல்லாதுன்னு சட்டம் வெளிப்படையா சொன்னா தான் செல்லாது. தப்புன்னு தோணுற எல்லாத்தையும் செல்லாதுன்னு எழுதி மார்க் விடுறது தான் முதல் வருஷத்துல நான் திரும்பத் திரும்பப் பாக்குறது.

சொத்து, நிர்வாகப் பாடத்துல இதுக்குச் சமமான கேனன் 127. ஆயர் ஒரு குழுவோட சம்மதம் வாங்கணுமா, கருத்து மட்டும் கேக்கணுமான்னு பிரிங்க. சம்மதம் வேணும்னா அவங்க வேண்டாம்னு சொன்னதும் முடிஞ்சது. கருத்து மட்டும்னா கேட்டுட்டு மாத்தி முடிவெடுக்கலாம், ஆனா கேக்காமலே செஞ்சா அந்தச் செயல் செல்லாது.

8. இந்தியச் சட்டத்தைக் கூடவே படிங்க

இத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க, கேள்வி கேக்குற குடும்பத்துக்கு ரெண்டும் ஒன்னா தான் வேணும்.

ட்ரிப்யூனல் திருமணம் செல்லாதுன்னு அறிவிச்சுட்டா அரசுக் கணக்குல ஒன்னும் மாறாது. 1996-ல மோலி ஜோசப் வழக்குல சுப்ரீம் கோர்ட் இத தெளிவா சொல்லிடுச்சு, 1869 விவாகரத்துச் சட்டம் தான் நிக்கும். கேனன் சட்டத்தைக் கிறிஸ்தவர்களோட தனிநபர் சட்டமா ஏத்துக்கணும்னு கேட்ட கிளாரன்ஸ் பயஸ் மனுவை 2017-ல தள்ளுபடி பண்ணிட்டாங்க. ஆக ட்ரிப்யூனல் தீர்ப்பை மட்டும் கையில வெச்சுக்கிட்டு மறுமணம் பண்றவங்க மேல இருதார வழக்கு வரலாம், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 82. எதிர்ப்பக்கமும் உண்டு: ஃபேமிலி கோர்ட் டைவர்ஸ் குடுத்தாலும் சபைக் கணக்குல பந்தம் அப்படியே இருக்கும்.

படிக்க வேண்டிய அடிப்படை: 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1869 சட்டமும் அதுக்கு 2001-ல வந்த திருத்தமும், 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட், அரசியலமைப்புல 25, 26. சபைச் சொத்துத் தகராறுக்கு மலங்கரை சபை வழக்குல 2017-ல வந்த தீர்ப்பு, சபையோட 1934 அமைப்புச் சட்டத்தை சுப்ரீம் கோர்ட் எப்படிப் படிச்சுதுன்னு பாக்குறதுக்காக. சிஎஸ்ஐ பக்கத்துல இருந்து வர்றவங்க இத விடவே கூடாது.

9. கட்டுரை எழுதும்போது பிரசங்கம் பண்ணாதீங்க

மறைக்கல்வி டீச்சர்ஸ், பாஸ்டர்ஸ் இவங்களோட முதல் கட்டுரை எல்லாம் பைபிள் வசனத்துல ஆரம்பிச்சு ஜெபத்துல முடியும். நல்லாத் தான் இருக்கும், மார்க் வராது. கேள்வி என்ன, பொருந்துற கேனன் எது, அதுல நிபந்தனை என்ன, இந்தச் சூழலுக்குப் பொருந்துதா, விளக்கவுரையாளர்கள் எங்க வேறுபடுறாங்க, இவ்வளவு தான். இறையியல் வேணும், ஆனா சட்டத்தோட காரணத்தை விளக்குற இடத்துல மட்டும்.

மேற்கோள் கேனன் எண், பத்தி எண்ணோட குடுங்க, பக்க எண் வேண்டாம். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், கேனன் எண் மாறாது.

10. ஆய்வுத் தலைப்பை ஆவணம் கெடைக்கிற இடத்துல இருந்து தேர்ந்தெடுங்க

முதல் செமஸ்டர்லயே தலைப்பை யோசிங்க, கடைசி வருஷம் வரைக்கும் காத்திருக்காதீங்க.

எல்லாருக்கும் திருமண ட்ரிப்யூனல் வழக்குகளை ஆராயணும்னு ஆசை. ஃபைல் குடுக்க மாட்டாங்க. கேனன் 1455-படி நீதிபதியும் ட்ரிப்யூனல் பணியாளரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவங்க, ஃபாதர் நமக்குத் தெரிஞ்சவர்னாலும் அவரால முடியாது, கேட்டு அவரையும் சங்கடப்படுத்தாதீங்க. இந்த ஒரு காரணத்துக்காகவே பாதில நின்னு போன ஆய்வுகள் எத்தனையோ.

கையில கெடைக்கிற ஆவணம் என்ன இருக்குன்னு முதல்ல பட்டியல் போடுங்க: அச்சான அமைப்புச் சட்டங்கள், ஆயர் சுற்றறிக்கைகள், வெளியான தீர்ப்புகள், உங்க பங்கு நிதிக்குழு விதிமுறை. அதுல இருந்து தலைப்பு எடுங்க. நம்ம ஊருக்குப் பொருத்தமா ஒன்னு சொல்றேன், கேனன் 518. பங்குன்னா பொதுவா எல்லை வெச்சுத் தான், ஆனா ரீத்து, மொழி, நாடு இத வெச்சும் தனிப் பங்கு அமைக்கலாம்னு அது சொல்லுது. பெங்களூருல தமிழ்ப் பூசை, கன்னடப் பூசை, மொழி விஷயம் எவ்வளவு சூடுன்னு நான் சொல்லத் தேவையில்ல. எல்லைப் பங்குக்குள்ள ஒரு மொழிக்காரங்களுக்கு என்ன உரிமை, ஆயருக்கு என்ன கடமைன்னு அமைதியா, யார் பக்கமும் சாயாம சட்டமா எழுதினா அதுக்கு ஆவணமும் இருக்கு, படிக்கிற ஆளும் இருக்கு. உணர்ச்சி தூக்கலா இருக்குமோன்னு சந்தேகம் வந்தா நிதிக்குழு பத்தின 537-ஐ எடுங்க, வறட்சியான தலைப்பு தான், ஆனா சீக்கிரம் முடியும்.

பேட்டி எடுக்கிறதா இருந்தா கல்லூரியோட நெறிமுறை அனுமதியை முன்னாடியே வாங்குங்க, அது இல்லாம எடுத்த பேட்டியை ஆய்வுல சேர்க்க விடமாட்டாங்க.

11. இப்ப ஃபீஸ் கட்டுங்க

சபை முடிவாச்சு, பட்டம் முடிவாச்சு, காகிதம் கையில, திருத்தின உரை ஃபோன்ல, கொஞ்சம் லத்தீன், ஒரு உத்தேசத் தலைப்பு. கட்டறதுக்கு முன்னாடி இடையில ஒரு வருஷம் நிறுத்தி வைக்க அனுமதி உண்டா, அதுக்குத் தனிக் கட்டணமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. பார்ட் டைம்ல படிக்கிறவங்களுக்கு ஆன்சைட்டோ, பிரசவமோ, அப்பா அம்மா உடம்போ ஏதாவது ஒன்னு நடுவுல வந்தே தீரும். வெளிநாட்டு யுனிவர்சிட்டின்னா பேங்க் கமிஷனையும், நேர்ல வரச் சொல்ற வாரத்துக்கான விசா, டிக்கெட் செலவையும் ஃபீஸோட சேர்த்து எழுதிப் பாருங்க, மொத்தம் கட்டுப்படியாகலைன்னா மல்லேஸ்வரத்துல வெளியாளுங்களை லைப்ரரிக்கு விடுவாங்களான்னு முதல்ல கேட்டுப் பாருங்க.